மாமாவின் நான்கு ஹார்ன் பெட்டிகள்: லா ஸ்காலாவும் ஹெரசியும்

போன ஆவணியில் திருமங்கலத்து மாமா வீட்டிலிருந்து நான்கு ஸ்பீக்கர் பெட்டிகள் குட்டியானையில் ஏறி மதுரைக்கு வந்தன. இரண்டு கிளிப்ஷ் லா ஸ்காலா, இரண்டு கிளிப்ஷ் ஹெரசி. எண்பதுகளின் கடைசியில் மாமா அமெரிக்க வேலையை விட்டு ஊர் திரும்பியபோது வீட்டுச் சாமான்களோடு கப்பலில் வந்தவை. ரொம்ப வருஷமாக யாரும் போட்டுக் கேட்கவில்லை. ஒரு பெட்டியின் மேல் தையல் மெஷின் இருந்தது, இன்னொன்றின் மேல் பழைய பேப்பர் கட்டு.

"வீட்ட வாடகைக்கு விடப்போறேன் மாப்ள. எடைக்குப் போட மனசு வரல. நீ எடுத்துட்டுப் போ" என்றார்.

லா ஸ்காலா ஒன்று மூன்றடி உயரம், இரண்டடி அகலம், இரண்டடி ஆழம். ஐம்பது கிலோவுக்கு மேல் இருக்கும். மாடிப்படியில் நான்கு பேர் மூச்சுப்பிடித்துத்தான் ஏற்றினோம். ஹெரசி ஒன்றேமுக்கால் அடி உயரம், ஒருவர் தூக்கிவிடலாம்.

அன்று ராத்திரியே சின்ன ஆம்ப்ளிஃபையர் (ஆம்ப்) ஒன்றை இணைத்து, டி.எம்.எஸ். பாட்டைப் போட்டேன். லா ஸ்காலாவில் குரல் தகரத்தில் தட்டினாற்போல வந்தது. இடது பெட்டியில் உச்ச ஒலி சுத்தமாக இல்லை. ஹெரசியில் கத்தல் குறைவு, ஆனால் குரலுக்கு உடம்பே இல்லை. கீழேயிருந்து அம்மா, "என்னடா, மாரியம்மன் கோயில் பொங்கலுக்குக் கட்டுற குழாய் மாதிரியே கத்துது" என்றார்.

அம்மா சொன்னதில் ஒரு உண்மை உண்டு. லா ஸ்காலா பிறந்ததே மேடைக்காகத்தான். அர்கன்சாஸ் மாநிலத்தில் ஹோப் என்கிற சிற்றூரில் 1946-இல் கம்பெனி தொடங்கிய பால் கிளிப்ஷ், 1963-இல் இந்தப் பெட்டியைக் கொண்டுவந்தார். அடுத்த வருஷம் கவர்னர் தேர்தலில் நின்ற வின்த்ராப் ராக்ஃபெல்லரின் பிரசாரக் கூட்டங்களில் இதுதான் பேசியது. வீட்டுக் கூடத்துக்கு அப்புறம்தான் வந்தது. ஆனாலும் ஹார்ன், அதாவது விரியும் குழாய், என்றாலே கத்தும் என்பதை நான் ஏற்கவில்லை. தை முடியும்வரை ஆறு மாதம் இந்த நான்கையும் பிரித்துப் பூட்டிய பிறகு இன்னும் உறுதியாகச் சொல்கிறேன்: அந்த முதல் ராத்திரி நான் கேட்டது ஹார்னின் குணம் அல்ல. காய்ந்த கேஸ்கட்டும், வயதான கெபாசிட்டரும், அறுந்த காயிலும் (கம்பிச்சுருள்), தலைகீழாக இணைத்த வயரும் சேர்ந்து போட்ட சத்தம். அவற்றைச் சரிசெய்யாமல் எது நல்ல பெட்டி என்று ஒப்பிட்டிருந்தால் பழுதைப் பழுதோடு ஒப்பிட்டதாகத்தான் ஆகியிருக்கும்.

எனக்கு இதில் குரு எங்கள் தெருவில் முன்பு ரேடியோ செட் வைத்திருந்த அண்ணன். முப்பது வருஷம் மேலூர், உசிலம்பட்டிப் பக்கமெல்லாம் கல்யாணத்துக்கும் காதுகுத்துக்கும் குழாய் கட்டியவர். லா ஸ்காலாவின் மேல்தட்டைக் கழற்றியதும் எட்டிப் பார்த்துவிட்டு, "இது நம்ம யூனிட்டுல்ல தம்பி!" என்றார். சரியாகத்தான் சொன்னார். நடு ஒலிக்கான அந்த கே-55-வி டிரைவரை கிளிப்ஷுக்குச் செய்து கொடுத்தது அட்லஸ் என்கிற, பொதுக்கூட்ட ஒலிபெருக்கி செய்யும் கம்பெனி. நம் குழாயில் மாட்டும் யூனிட்டைப் போலவே இதையும் ஹார்னின் கழுத்தில் மரை வைத்துத் திருகித்தான் மாட்டுகிறார்கள்.

ஹார்ன் என்ன வேலை செய்கிறது என்பதை அண்ணன் பேசாமலே காட்டினார். சத்தத்தை மிகக் குறைவாக வைத்துப் பாட்டு ஓடும்போதே யூனிட்டைத் திருகிக் கழற்றினார். பாட்டு கொசு ரீங்காரமாகச் சுருங்கிப்போனது. மறுபடி திருகினார், அறை நிறைந்தது. அதே கரண்ட், அதே டயாபிரம் (அதிர்ந்து ஒலி எழுப்பும் மெல்லிய தகடு). காற்று மிக லேசான பொருள். சின்ன டயாபிரம் நேராகக் காற்றைத் தள்ளினால் பிடிமானம் கிடைக்காமல் வீணாக ஆடும். கழுத்தில் குறுகி வாயில் விரியும் குழாய் அதற்கு ஒரு பிடிமானம் கொடுக்கிறது. கியர் போல என்று வைத்துக்கொள்ளலாம். சாதாரண வீட்டு ஸ்பீக்கர் தனக்கு வரும் மின்சாரத்தில் நூறில் ஒரு பங்கு அளவுக்கோ அதைவிடக் குறைவாகவோதான் ஒலியாக்குகிறது, மீதி காயிலில் சூடாகிப் போகிறது. ஹார்ன் அந்தப் பங்கைப் பல மடங்கு கூட்டுகிறது. அதே சத்தத்துக்கு டயாபிரம் கொஞ்சமாக அசைந்தால் போதும் என்பதால் பிசிறும் குறைகிறது. கிளிப்ஷ் வாழ்நாள் முழுக்கச் சொல்லிவந்ததும் இதைத்தான். (ஹார்ன் இல்லாமல் யூனிட்டைச் சத்தமாக ஓட்டக்கூடாது. பிடிமானம் இல்லாத டயாபிரம் கிழிந்துவிடும்.)

இந்த இரண்டு பெட்டிகளுக்கும் உள்ள அடிப்படை வித்தியாசத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். லா ஸ்காலாவில் மூன்று பகுதியும் ஹார்ன். அடி ஒலிக்கான 15 அங்குல ஊஃபர் உள்ளே ஒளிந்திருக்கிறது, அதன் முன்னால் மரப்பலகைகளால் மடித்துக் கட்டிய குழாய். ஹெரசியில் நடுவும் உச்சமும் மட்டுமே ஹார்ன். 12 அங்குல ஊஃபர் மூடிய பெட்டியில் நேராகப் பாடுகிறது. 1957-இல் இதைச் செய்யக் கிளம்பியபோது, அதுவரை முழு ஹார்னையே வேதமாகப் பேசிய கிளிப்ஷைப் பார்த்து, கூட இருந்த ஒருவர் இது கொள்கைக்கே துரோகம் என்று சொல்லப்போக, அதையே பெயராக வைத்துவிட்டார். ஹெரசி என்றால் அதுதான் பொருள்.

இனி வேலை.

முதலில் காற்றுக் கசிவு. ஹெரசியின் ஊஃபரை இரண்டு கை விரல்களால் சுற்றிலும் சமமாக மெதுவாக அழுத்தி விட்டேன். மூடிய பெட்டி சரியாக இருந்தால் கோன் என்கிற அதன் கூம்பு நிதானமாகத் திரும்பி வரும். எனக்குச் சட்டென்று வந்தது. பின்பலகையைச் சுற்றி ஒட்டியிருந்த நுரை நாடா காய்ந்து பொடியாகியிருந்தது. கார் கதவுக்கு ஒட்டும் ரப்பர் நாடாவை ஸ்பேர்பார்ட்ஸ் கடையில் வாங்கி ஒட்டி, ஸ்குருவைக் குறுக்கும் மறுக்குமாக, எதிரெதிர் மூலையாக முடுக்கினேன். ஒரே பக்கமாக முடுக்கிக்கொண்டு போனால் மறுபக்கம் தூக்கிக்கொள்ளும். இந்த ஒரு வேலையிலேயே மிருதங்கத்தின் இடப்பக்கத் தொப்பி கேட்க ஆரம்பித்தது.

ஊஃபரின் விளிம்பைப் பற்றி ஒரு வார்த்தை. எண்பதுகளில் வந்த பல நல்ல ஸ்பீக்கர்களுக்கு நுரை விளிம்பு இருந்தது. நம் ஊர் வெயிலில் அது பத்து பதினைந்து வருஷத்தில் தொட்டால் உதிரும் பொடியாகிவிடும். இவற்றில் பசை ஏற்றிய, மடிப்பு மடிப்பான விளிம்பு. நான்கு ஊஃபரிலும் ஒன்றுகூடக் கிழியவில்லை. அதன் மேல் ஃபெவிகாலோ வார்னிஷோ பூச வேண்டாம், கோன் விறைத்துக்கொள்ளும். பெயின்ட் பிரஷ்ஷால் தூசியைத் தட்டினாலே போதும்.

இரண்டு ஹெரசியையும் சேர்த்து ஓட்டினால் அடி ஒலி காணாமல் போனது, ஒன்றை மட்டும் ஓட்டினால் வந்தது. இப்படி இருந்தால் யோசிக்கவே வேண்டாம், ஒன்றில் வயர் மாறியிருக்கிறது. ஒன்றரை வோல்ட் பேட்டரியின் பிளஸ்ஸை ஊஃபருக்கு வரும் பிளஸ் வயரில் ஒரு நொடி தொட்டேன். ஒரு கோன் முன்னால் வந்தது, இன்னொன்று பின்னால் போனது. எப்போதோ ரிப்பேருக்குப் போன இடத்தில் யாரோ மாற்றி மாட்டியிருக்கிறார்கள். ஒன்று காற்றைத் தள்ள இன்னொன்று இழுத்தால் மிஞ்சுவது என்ன? மாற்றிப் போட்டேன். பேட்டரிச் சோதனை ஊஃபருக்கு மட்டும்தான், உச்ச ஒலிக்கான ட்வீட்டரில் செய்து பார்க்க வேண்டாம்.

அப்புறம் நடு ஹார்ன். தகரத்தில் தட்டினாற்போல என்று சொன்னேனே, அதற்கு இரண்டு காரணம் இருந்தது. யூனிட்டுக்கும் ஹார்னுக்கும் நடுவே இருக்கும் வாஷர் காய்ந்து சுருங்கி, மரை ஒரு சுற்று தளர்ந்திருந்தது. குரல் ஏறும்போதெல்லாம் அந்த இடுக்கில் காற்று பீறிட்டு ஒரு கிரீச். இதை நான் கண்டுபிடிக்கவில்லை. அண்ணன் கழுத்தில் விரலை வைத்துவிட்டு, "இங்கிட்டுத்தேன் இருக்கு" என்றார். இன்ஜின் கேஸ்கட் வெட்டித் தரும் கடையில் கார்க் ஷீட் வாங்கி, பழைய வாஷரை அச்சாக வைத்து வெட்டினேன். திருகும்போது முரட்டுத்தனம் வேண்டாம். யூனிட்டின் மூக்கு வார்ப்பு உலோகம், விண்டுபோனால் ஒட்டாது.

இரண்டாவது, ஹார்னே மணி போல ஒலிப்பது. லா ஸ்காலாவின் நடு ஹார்ன் வார்த்த அலுமினியம். விரல் முட்டியால் தட்டினால் கிண்ணென்று நீளும். பழைய லாரி டியூபைப் பட்டையாக வெட்டி, கழுத்திலிருந்து வாய்வரை இழுத்துச் சுற்றிக் கட்டினேன். இப்போது தட்டினால் டொக் என்று நின்றுவிடுகிறது. காசு செலவில்லாத இந்த வேலைதான் எல்லாவற்றிலும் அதிகத் தெளிவைக் கொடுத்தது என்பது என் எண்ணம்.

அடி, நடு, உச்ச ஒலிகளைப் பிரித்து அனுப்பும் கிராஸ்ஓவர்தான் நாள் பிடித்த வேலை. லா ஸ்காலாவில் இருந்தது ஏஏ வகை. 13 மைக்ரோஃபேரட் ஒன்று, 2 மைக்ரோஃபேரட் இரண்டு, ஊஃபருக்கு 2.5 மில்லிஹென்றி காயில், நடு டிரைவரின் சத்தத்தைப் படிப்படியாகக் குறைக்க நடுநடுவே இணைப்பு எடுத்த ஒரு டிரான்ஸ்ஃபார்மர். ட்வீட்டருக்குக் காவலாக ஜீனர் டயோடுகளும் உண்டு. கெபாசிட்டர் அளக்கும் எல்சிஆர் மீட்டரில் வைத்துப் பார்த்தால் 13 இருக்க வேண்டிய இடத்தில் 14.6, 2 இருக்க வேண்டிய இடத்தில் 2.3. மதிப்பு ஏறியதைவிட உள்தடை ஏறியதுதான் மோசம். கெபாசிட்டருக்கு உள்ளேயே ஒரு ரெசிஸ்டர் முளைத்தாற்போலத்தான் அது.

அந்தப் பழைய டப்பாக் கெபாசிட்டர்களில் எண்ணெய் இருக்கும். 1979-இல் அமெரிக்கா பிசிபி என்கிற நச்சு எண்ணெய் தயாரிப்பைத் தடை செய்வதற்கு முந்தைய டப்பா என்றால் உள்ளே அந்த நச்சு இருக்க வாய்ப்புண்டு. துளை போடவோ குப்பையில் எறியவோ கூடாது. நான் கையுறை போட்டுக் கழற்றி, இரண்டு பாலிதீன் பைக்குள் கட்டி, மூடிபோட்ட டப்பாவில் தனியாக வைத்திருக்கிறேன்.

மாற்றுக்கு வெளிநாட்டு ஆடியோ கெபாசிட்டர் விலை கேட்டேன், மலைப்பாக இருந்தது. டவுன்ஹால் ரோட்டுக் கடையில் நின்றபோதுதான் பொறி தட்டியது. சீலிங் ஃபேனுக்கும் தண்ணீர் மோட்டாருக்கும் போடும் ரன் கெபாசிட்டரும் பாலிபுரோப்பிலீன்தான். 440 வோல்ட் தாங்கும், பல வருஷம் ஓடுவதற்கென்றே செய்தது. மோட்டாருக்கான 10, ஃபேனுக்கான 3.15, இரண்டையும் இணையாகக் கட்டினால் 13.15. 2 வேண்டிய இடத்தில் இரண்டு 4-ஐத் தொடராகக் கட்டினேன். கடைக்காரர் பொறுமையாக நிற்க, மீட்டரை வைத்துப் பத்துப் பதினைந்து கெபாசிட்டரை அளந்து ஜோடி பிரித்தேன். அச்சிட்ட மதிப்பிலிருந்து ஐந்து சதவீதம் அங்கே இங்கே இருக்கும், இடது வலது ஒன்றாக இருப்பது முக்கியம்.

இதில் இரண்டு எச்சரிக்கை. 2 கிடைக்கவில்லை என்று கைக்கு எட்டும் 2.5 ஃபேன் கெபாசிட்டரைப் போட்டுவிடக் கூடாது. ட்வீட்டருக்குப் பிரியும் இடம் கீழே இறங்கி, அதற்கு வரக்கூடாத ஒலி வந்து அதன் காயில் கெட்டுப்போகும். மோட்டார் ஸ்டார்ட் கெபாசிட்டரும் கூடவே கூடாது. அது வேறு ஜாதி, எலக்ட்ரோலிடிக், சில நொடி வேலைக்கு மட்டும் செய்தது.

ஹெரசியின் கெபாசிட்டர்களையும் இதே முறையில் மாற்றினேன். டெர்மினல் ஸ்குருக்களில் பச்சை பூத்திருந்ததை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் துடைத்து, லக் எல்லாம் புதிதாகச் சால்டர் வைத்தேன்.

இடது லா ஸ்காலாவின் ட்வீட்டர் மட்டும் பாக்கி. கே-77 என்று கிளிப்ஷ் எண் போட்டிருந்தாலும் அது எலக்ட்ரோ-வாய்ஸின் டி-35 தான். நல்லது ஆறு ஓம் ஒட்டிக் காட்டியது, இது ஒன்றுமே காட்டவில்லை. காயிலிலிருந்து வெளியே வரும் முடி போன்ற கம்பி அறுந்திருந்தது. அண்ணன் லென்ஸ் வைத்து ஒட்டிப் பார்த்தார், இரண்டு நாள் பாடி மறுபடி அறுந்தது. கடைசியில் டயாபிரமே வெளியிலிருந்து வரவழைத்தேன். மாட்டுவதற்கு முன் காந்த இடுக்கில் செல்லோ டேப்பின் பசைப்பக்கத்தை விட்டு விட்டு எடுத்தேன். ஒவ்வொரு தடவையும் இரும்புத்தூள் வந்தது. டேப் சுத்தமாக வரும்வரை விடக்கூடாது. மாட்டியபின், கிராஸ்ஓவர் வழியாகவே, மெல்லிய சத்தத்தில் 6000 ஹெர்ட்ஸிலிருந்து (நொடிக்கு 6000 அதிர்வு) மேலே ஏறும் சைன் ஒலியை ஓட்டி, உரசல் கேட்கிறதா என்று காதை வைத்துப் பார்த்து ஸ்குருவை முடுக்கினேன்.

மாசி பிறந்தபோது நான்கும் பாடத் தயார். அப்போதுதான் ஒப்பீடு.

ஒப்பிடுவதில் எல்லாரும் தடுக்கி விழும் இடம் சத்தத்தின் அளவு. கம்பெனி கணக்குப்படி ஹெரசி 1 வாட்டுக்கு 96 டெசிபல், லா ஸ்காலா 104. எட்டு டெசிபல் வித்தியாசம் என்றால் ஆறு மடங்கு பவர். ஆம்பில் கை வைக்காமல் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றினால் லா ஸ்காலாதான் ஜெயிக்கும், சத்தமாக இருப்பது நன்றாக இருப்பதாகக் காது நினைத்துக்கொள்ளும். இரைச்சல் ஒலி ஒன்றை ஓட்டி, செல்போனை உட்காரும் இடத்தில் ஸ்டூல் மேல் நிறுத்தி, இரண்டும் ஒரே எண் காட்டும்வரை ஆம்பைத் திருப்பி, அந்த இடங்களில் பென்சில் கோடு போட்டேன். போன் காட்டும் எண் துல்லியமாக இல்லாவிட்டாலும் பரவாயில்லை, ஒன்றுக்கொன்று சமமா என்றுதான் பார்க்க வேண்டும்.

அறையையும் கொஞ்சம் கவனித்தேன். மொசைக் தரை, வெறும் சுவர். கை தட்டினால் எதிரொலி. ஜமக்காளம் இரண்டு விரித்து, பின்சுவரில் பஞ்சு மெத்தையைச் சாய்த்து வைத்தேன்.

முதலில் மதுரை நாதஸ்வரம், எம்.பி.என். சேதுராமன் பொன்னுசாமி சகோதரர்களின் பழைய பதிவு. நாதஸ்வரத்தைச் சாதாரணப் பெட்டிகளில் கேட்டால் உச்சத்துக்குப் போகும்போது குரல்வளையை நெரித்தாற்போல ஒரு இறுக்கம் வரும். லா ஸ்காலாவில் அது இல்லை. மேலே போகப்போக ஒலி விரிந்துகொண்டே போனது. தவிலின் வலந்தலை அடி, விரல் கூடு தோலில் பட்ட அந்தக் கணத்தோடு வந்தது. சித்திரைத் திருவிழாவில் மாசி வீதி ஓரத்தில் நின்று கேட்கும்போது நெஞ்சில் படுமே, அந்த அடி. ஹெரசியிலும் வலந்தலை கிட்டத்தட்ட அப்படியே, தொப்பியில்தான் கொஞ்சம் பின்தங்கியது.

குரலில் வித்தியாசம் இன்னும் தெளிவு. லா ஸ்காலாவில் நடு ஹார்ன் 400 ஹெர்ட்ஸிலேயே பொறுப்பை ஏற்று 6000 வரை ஒரே யூனிட்டாகக் கொண்டுபோகிறது. ஹெரசியில் 700-இல்தான் ஹார்ன் தொடங்குகிறது, அதற்குக் கீழே ஊஃபர் பாடுகிறது. எம்.எஸ். அம்மாவின் குரல் கீழிருந்து மேலே போகும்போது, ஹெரசியில் ஒரு படி தாண்டுவதை உற்றுக் கேட்டால் உணர முடிகிறது. லா ஸ்காலாவில் படியே இல்லை. இதைக் கேட்ட பிறகு என்னால் மறக்க முடியவில்லை.

அடி ஒலியில் இரண்டுமே சிக்கனம். லா ஸ்காலாவின் அளவைப் பார்த்து வீடு அதிரும் என்று எதிர்பார்த்து வருகிறவர்கள் ஏமாறுகிறார்கள். 50 ஹெர்ட்ஸ் ஒலியின் ஒரு அலை கிட்டத்தட்ட ஏழு மீட்டர். அதற்குப் பிடிமானம் கொடுக்கும் ஹார்ன் எவ்வளவு பெரிய வாயாக இருக்க வேண்டும்! அதனால்தான் கிளிப்ஷ் தன் முதல் பெட்டியான கிளிப்ஷ்ஹார்னை அறையின் மூலையில் வைத்து, இரண்டு சுவரையும் ஹார்னின் நீட்சியாக்கினார். மூலையில் ஜன்னலும் அலமாரியும் இருக்கும் நம் வீடுகளில் அது நடக்காது. இளையராஜா பாட்டில் பேஸ் கிட்டார் 41 ஹெர்ட்ஸில் அடித்தளக் கம்பியைத் தொடும்போது இரண்டு பெட்டியும் அதன் மேல்சுரங்களைத்தான் கொடுக்கின்றன. ஆனால் லா ஸ்காலா கொடுக்கும் அளவில் ஒவ்வொரு நோட்டும் தனித்தனியாக நிற்கிறது, ஒன்றின் வால் அடுத்ததன் மேல் படுவதில்லை. ஹெரசியைத் தரையிலேயே, சுவர் மூலைக்கு நெருக்கமாக, லேசாக மேல்நோக்கிச் சாய்த்து வைத்தால் அடி ஒலி நன்றாகத் தேறுகிறது. ஸ்டாண்டில் தூக்கி வைக்க வேண்டாம்.

இவ்வளவு சொன்ன பிறகும், சின்ன அறைக்கு நான் ஹெரசியைத்தான் சொல்வேன். எட்டடி தள்ளி உட்கார இடமில்லை என்றால் லா ஸ்காலாவின் மூன்று ஹார்னும் ஒன்றாகச் சேர்வதற்குள் காதுக்கு வந்துவிடுகின்றன.

ஆம்ப் பெரிதாக வேண்டாம். 88 டெசிபல் பெட்டிக்கு 40 வாட் கேட்கும் சத்தத்தை லா ஸ்காலா 1 வாட்டில் கொடுக்கும். ஆனால் அதே காரணத்தால் ஆம்பின் உஸ்ஸென்ற இரைச்சலையும் ஊதிக் காட்டும். முதல் வாட் சுத்தமாக இருக்கும் ஆம்ப்பாகப் பாருங்கள். கரண்ட் போய்ப் போய் வரும் ஊர் என்பதால் இன்னொரு பழக்கம்: கரண்ட் போனதும் ஆம்ப் ஸ்விட்சை அணைத்துவிட வேண்டும். திரும்ப வரும்போது விழும் அந்தத் தொம் என்ற அடி, சில வாட்டுக்கு மேல் தாங்காத ட்வீட்டருக்கு ஆகாது.

பெட்டிகளைத் தரையிலிருந்து தூக்க லா ஸ்காலாவுக்கு மட்டும் ரப்பர் கட்டை வைத்திருக்கிறேன், கரையானுக்குப் பயந்து. ஐப்பசி மழைக்கு முன்னால் ஒரு தடவை, பங்குனி வெயில் முடிந்ததும் ஒரு தடவை, பின்பலகை ஸ்குருவையும் ஹார்ன் கழுத்தையும் தொட்டுப் பார்ப்பது என்று வைத்திருக்கிறேன். மரம் சுருங்கி விரியும் ஊரில் ஸ்குரு தளரத்தான் செய்யும்.

மாமா பங்குனியில் வந்திருந்தார். ஹெரசியில் ஆரம்பித்து லா ஸ்காலாவுக்கு மாற்றினேன். பாதிப் பாட்டில், "மாப்ள, அந்த எடது பொட்டிப் பலகை ஒதறுது பாரு" என்றார். கையை வைத்துப் பார்த்தேன், உண்மைதான். கீழ் ஹார்னின் இரண்டு பக்கப் பலகையும் முக்கால் அங்குலப் பிளைவுட், நடுவில் தாங்கல் இல்லாமல் நீளமாக நிற்பதால் தவில் வரும்போது அதிர்கிறது. வாயின் குறுக்கே ஒரு கட்டை கொடுத்தால் நிற்கும். அளவெடுத்துப் பிளைவுட் அறுத்து வைத்தாயிற்று, ஆசாரி ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்றிருக்கிறார்.